டேங்க் போகவில்லை

கீசரின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தால் போதும், நம் ஊரில் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. "டேங்க் போயிடுச்சு சார். புதுசு போட்டுடுங்க." மெக்கானிக் இதைச் சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், போன மாதம்தான் புதிது மாட்டிய பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் உறுதியாகச் சொல்கிறார். கேட்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் அதற்கும் பதில் உண்டு: "நம்ம ஏரியா உப்புத் தண்ணி. அஞ்சு வருஷம் ஓடினதே பெரிசு." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே, கீசர் என்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றி எறியவேண்டிய பொருள் என்றும், இடைப்பட்ட காலத்தில் அதில் நாம் பார்க்கவேண்டியது எதுவுமில்லை என்றும் நம்பத் தொடங்கிவிட்டோம்.

இந்த நம்பிக்கை தவறு. இதனால் நஷ்டமும் உண்டு, ஆபத்தும் உண்டு. நல்ல டேங்குகள் பழைய இரும்புக் கடைக்குப் போவதும், உண்மையிலேயே பயப்படவேண்டிய கீசர்கள் சுவரில் தொங்கிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது சென்னையின் தெற்குப் புறநகர். எங்கள் தெருவின் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாயின் வாயில் வெள்ளை வளையம் கட்டிக்கொண்டே இருக்கும். 2012இல் வாங்கிய 15 லிட்டர் கீசர் நான்காவது மார்கழியில் ஒழுக ஆரம்பித்தது. விடியற்காலையில் குளிக்கப் போன அம்மாதான் தரை நனைந்திருப்பதைப் பார்த்துச் சொன்னார். அடியில் ஒரு மக் வைத்தோம். காலையில் வைத்த மக் இரவுக்குள் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்தார். ஒரு விரலால் அடிப்பாகத்தைத் தொட்டார். "டேங்க் போயிடுச்சு சார்" என்றார். மூடியின் ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் கழற்றவில்லை. பழசை எடுத்துக்கொண்டு, புதியதன் விலையில் 500 ரூபாய் கழித்துத் தருவதாகச் சொன்னார்.

கையில் அன்றைக்கு 7,000 ரூபாய் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளில், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வயரிங்கைப் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் வேறு வேலையாக வந்தார். விஷயத்தைச் சொன்னதும் எம்சிபியை அணைத்துவிட்டு அடி மூடியைத் திறந்தார். ஒவ்வொரு இணைப்பையும் பழந்துணியால் துடைத்து ஈரம் போக்கினார். ஒரு செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைச் சுற்றிவைத்தார். "டீ குடிச்சிட்டு வந்து பார்ப்போம், எது நனையுதுன்னு." திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு குழாய்களில் சுற்றிய காகிதமும் மொரமொரப்பாக அப்படியே இருந்தது. நடுவில், காயில் மாட்டியிருக்கும் வட்டத் தட்டின் விளிம்பில் வைத்த காகிதம் மட்டும் ஒரு பக்கமாக நனைந்திருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு அந்தத் தட்டைக் கழற்றினால், அதற்கும் டேங்குக்கும் நடுவில் இருந்த ரப்பர் கேஸ்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதிய கேஸ்கெட் 60 ரூபாய், அவர் கூலி 400. அந்தக் கீசர் இன்றும் அதே சுவரில் இருக்கிறது.

அண்ணாந்து பார்த்துச் சொல்லும் தீர்ப்பை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஓட்டு வீட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மழை சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. தண்ணீர் எங்கோ நுழைந்து, ரீப்பர் வழியாக நடந்து, தனக்குத் தோதான தாழ்வில் சொட்டும். கீசரும் அப்படித்தான். குளிர்ந்த நீர் ஏறும் நீல வளையக் குழாய், சுடுநீர் இறங்கும் சிவப்பு வளையக் குழாய், அவற்றில் மாட்டிய கம்பி பின்னிய ஹோஸ், ஹோஸின் நட்டுக்குள் இருக்கும் வாஷர், காயில் தட்டின் கேஸ்கெட், சேஃப்டி வால்வு, கடைசியாக டேங்க். எங்கே ஒழுகினாலும் தண்ணீர் உடம்பின் வளைவைப் பிடித்துக்கொண்டு வந்து அடியில்தான் சொட்டும். கீழே நிற்கிறவர் கண்ணுக்கு ஏழும் ஒன்றாகவே தெரியும். அந்த ஏழில் ஒன்றுக்குத்தான் மருந்து கிடையாது. ஆனால் நம் ஊரில் எல்லா ஒழுகலுக்கும் அந்த ஒன்றின் பெயரையே வைத்துவிடுகிறார்கள்.

ஹோஸ் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அந்த நட்டுக்குள் தட்டையான ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர்தான், மரை அல்ல. இது தெரியாமல் மரையின் மேல் டெஃப்லான் டேப்பை இருபது சுற்றுச் சுற்றி, பைப் ரெஞ்சைப் போட்டு மூச்சடக்கி முறுக்குகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாஷர் நசுங்கிப் பிளக்கிறது. அடுத்த வருடம் மறுபடி சொட்டுகிறது. "பார்த்தீங்களா, டேங்க் போச்சு" என்கிறார்கள். கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று, அவ்வளவே அதற்குத் தேவை. டேப் வேண்டிய இடம் வேறு: உலோக மரைக்குள் உலோக மரை ஏறும் இடம், அதாவது டேங்கின் நிப்பிளில் சேஃப்டி வால்வு ஏறும் இடம். அங்கேயும் முறுக்கும் திசையிலேயே டேப்பைச் சுற்றவேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் வால்வை ஏற்றும்போதே டேப் பிரிந்து வெளியே வந்துவிடும்.

இனி அந்தச் சேஃப்டி வால்வு. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

தண்ணீர் சூடாகும்போது விரியும். 15 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 190 மில்லி அதிகமாகிறது, ஒரு டம்ளர் அளவு. முன்பெல்லாம் அந்த ஒரு டம்ளர் வந்த குழாய் வழியே மொட்டைமாடித் தொட்டிக்குத் திரும்பிப் போய்விடும். இப்போதைய கீசர்களில் குளிர்நீர் நுழையும் இடத்தில் ஒருவழி வால்வு இருக்கிறது. மேல்தொட்டி காலியானால் கீசரின் தண்ணீர் பின்னோக்கி வடிந்து காயில் காய்ந்து எரியக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அது இருப்பதால், விரிந்த தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. சுடுநீர்க் குழாயும் மூடியிருக்கிறது. டேங்குக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதை வெளியேற்றத்தான் அதே வால்வின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வாய். நம் வீட்டு கீசர்களில் பொதுவாக 8 பார் அழுத்தத்தில் அது திறந்துகொள்ளும். சில சொட்டுகள் விழும். அழுத்தம் இறங்கும். வால்வு மூடிக்கொள்ளும்.

கீசர் சூடாகும்போது மட்டும் அந்த வாயிலிருந்து சொட்டுகிறது, ஆறியபின் நின்றுவிடுகிறது என்றால் உங்கள் கீசருக்கு ஒரு நோயும் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அதை ஒழுகல் என்று பெயரிட்டு நாம் என்ன செய்கிறோம்? சிலர் டேங்கையே மாற்றுகிறார்கள். இன்னும் சிலர் அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள். அடைத்து வைத்த வால்வுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றில் எம்-சீல் வைத்து உருட்டி மூடியிருந்தது. இன்னொன்றில், ஒரு முதியவர் தனியாக இருக்கும் வீட்டில், மரக்குச்சியைச் சீவி அடித்து அதன்மேல் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. "தரை வழுக்குதுன்னு சொன்னேன், பிளம்பர் தம்பி நிறுத்திக் கொடுத்தார்" என்று அவர் நன்றியோடு சொன்னார்.

வாயை அடைத்தபின் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அந்த அழுத்தம் டேங்கையே உப்ப வைக்கிறது, ஆறும்போது தளர விடுகிறது. உள்ளே பூசிய கண்ணாடிப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. வெல்டிங் இணைப்பு களைத்துப்போகிறது. கேஸ்கெட் பிதுங்குகிறது. ஒரு வருடத்தில் டேங்க் உண்மையாகவே போகிறது, அதற்கும் பழி உப்புத் தண்ணீர் மேல் விழுகிறது. இதைவிட மோசமானதும் நடக்கலாம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கரன்ட்டை நிறுத்தாமல் போய், அதற்கு அடுத்த காவலான கட்-அவுட்டும் வேலை செய்யாவிட்டால், அழுத்தத்துக்குள் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடாகும். அப்போது டேங்க் ஓரிடத்தில் கிழிந்தால் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். குளியலறைச் சுவர் அதைத் தாங்காது. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் கரன்ட்டை நம்பி இருப்பவை. கரன்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் அழுத்தத்துக்கு வழிவிடுவது அந்த வாய்தான், அதைத்தான் குச்சியடித்து மூடுகிறோம்.

தரை வழுக்குகிறது என்பது நியாயமான குறை. அதற்கு வழி அந்த வாயில் ஒரு மெல்லிய குழாயை மாட்டி, கீழ்நோக்கிச் சரிவாகக் கொண்டுபோய்த் தரையின் நீர்த்துளை அருகே விடுவது. முனை திறந்தே இருக்கவேண்டும். கீசர் ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால், வால்வின் இருக்கையில் உப்புத் துகள் சிக்கியிருக்கலாம். அதன் சிறு நெம்புகோலைத் தூக்கிச் சில விநாடி தண்ணீரைப் பாயவிட்டால் பெரும்பாலும் துகள் அடித்துக்கொண்டு போய்விடும். அப்போதும் நிற்காவிட்டால் வால்வை மாற்றவேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான். மாதம் ஒருமுறை அந்த நெம்புகோலைத் தூக்கிவிடும் பழக்கம் இருந்தால் அது உப்பில் இறுகிப் போகாது. பக்கத்தில் நிற்கும்போது கவனம், வரும் தண்ணீர் சுடும்.

இனி உப்புத் தண்ணீர் வாதத்துக்கு வருவோம். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் முழுப் பொய்யும் இதன் நிழலில் நடமாடுகிறது. ஆம், எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடினமானதுதான். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600 உள்ள தண்ணீரில் ஒரு வீடு நாளுக்கு 60 லிட்டர் சுடவைத்தால், 36 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு கீசருக்குள் வந்து போகிறது. அதில் சிறு பங்கு உள்ளே தங்கினாலே வருடத்தில் கிலோக்கணக்கு. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

ஆனால் இதிலிருந்து வரவேண்டிய முடிவு என்ன? தண்ணீர் கடினமென்றால் அடிக்கடி பார்க்கவேண்டும் என்பதுதானே? நாமோ, தண்ணீர் கடினம், ஆகவே பார்த்து என்ன பயன் என்கிறோம். ரோடு மோசமென்பதால் வண்டிக்கு ஆயிலே மாற்றாமல் ஓட்டுகிறவர் யாராவது உண்டா?

டேங்கைக் காப்பாற்ற உள்ளேயே ஒரு காவல் வைத்துத்தான் கம்பெனிகள் விற்கின்றன. கட்டைவிரல் பருமனில் ஒரு மக்னீசியம் கம்பி. பல மாடல்களில் அது காயில் தட்டிலேயே திருகப்பட்டிருக்கும். இரும்பைவிட மக்னீசியம் சீக்கிரம் அரிபடும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் மக்னீசியம் முதலில் கரைந்து இரும்பை விட்டுவைக்கும். கண்ணாடிப் பூச்சில் எங்கேனும் ஊசித்துளை இருந்தாலும், கம்பி உயிரோடு இருக்கும்வரை அந்த இடத்தில் துரு வேரூன்றாது. இது புதிய வித்தையும் அல்ல. 1824லேயே இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்த செம்புத் தகட்டை உப்புநீர் தின்னாமல் இருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைத்துக் காட்டினார். ஒன்றைத் தின்னக் கொடுத்து மற்றதைக் காக்கும் அதே முறைதான் உங்கள் குளியலறைச் சுவருக்குள்ளும் நடக்கிறது.

ஒரே நிபந்தனை, தின்று முடிந்ததும் அடுத்ததை வைக்கவேண்டும். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் பாயும், ஆகவே கம்பி வேகமாகக் கரையும். அன்று எங்கள் கேஸ்கெட்டை மாற்றக் கழற்றியபோது, நான்கு வருடமாக யாரும் தொடாத அந்தக் கம்பி எப்படி இருந்தது தெரியுமா? தட்டின் அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கரையான் அரித்த குச்சிபோல் ஒரு கட்டி, அதற்குமேல் வெறும் இரும்புக் கம்பி, சைக்கிள் போக்ஸ் கனத்தில். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தண்ணீருக்குத் தின்ன டேங்கைத் தவிர வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. புதிய கம்பி 300 ரூபாய்க்குள் முடிந்தது. அதற்குப் பிறகு பாதி கரைந்ததுமே மாற்றிவிடுகிறேன், எங்கள் தண்ணீருக்கு அது ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை ஆகிறது.

"எங்களுடையது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க், துருவே பிடிக்காது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். எவர்சில்வரையும் குளோரைடு உப்பு அரிக்கும், அதுவும் வெல்டிங் போட்ட ஓரத்தில் ஊசிகுத்தினாற்போல். உங்கள் மாடலில் மக்னீசியம் கம்பி உண்டா என்று கையேட்டைப் பாருங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதாக இருக்கவேண்டியதே இல்லை. பித்தளை அண்டாவில் ஈயம் தேய்ந்தால் நம் பாட்டிமார் அண்டாவை வீசவில்லை. ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுக்கும் நாளுக்குக் காத்திருந்து எடுத்துப் போட்டார்கள். பாத்திரம் வேறு, அதன் உட்பூச்சு வேறு, தேய்வது பூச்சுதான் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. கண்ணாடிப் பூச்சும் மக்னீசியம் கம்பியும் அந்த ஈயத்தின் வேலையைத்தான் செய்கின்றன. ஈயம் பூசத் தெரு வரைக்கும் ஆள் வந்த ஊரில், இன்று மூடியைத் திறந்து பார்க்க ஆள் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காயிலில் படியும் வெள்ளைப் படிவைப் பற்றியும் பேசவேண்டும். இட்லிப் பானையின் அடியில் தினமும் பார்க்கிறோமே, அதே சுண்ணாம்புதான். தண்ணீரில் கரைந்திருப்பது சூடுபட்டதும் கரையாத பொருளாக மாறி, சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. சூடு ஏற ஏறப் படிவும் கூடும். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து, பிறகு பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் விளாவிக் குளிப்பவர்கள் படிவையும் சேர்த்து வாங்குகிறார்கள். 60 டிகிரி தாராளம்.

இந்தப் படிவால் கரன்ட் பில் பலமடங்கு ஏறும் என்று பராமரிப்பை வலியுறுத்துகிறவர்கள் சொல்வதுண்டு. என் கட்சிக்கு உதவும் பேச்சுதான் என்றாலும் அதை நான் ஏற்கவில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதன் சூடு தண்ணீரைத் தவிர வேறெங்கே போகும்? கெடுவது காயில்தான். படிவு ஒரு கம்பளிபோல் மூடிக்கொள்வதால் சூடு வெளியேற நேரமாகிறது, உள்ளிருக்கும் கம்பி அளவுக்குமேல் பழுத்து ஒருநாள் அறுந்துவிடுகிறது, அல்லது உறை வெடித்துத் தண்ணீருக்குள் கரன்ட் கசிகிறது. குழாயைத் தொட்டால் 'சுர்' என்கிறது என்று சொல்லும் வீடுகளில் எனக்கு முதல் சந்தேகம் காயில் மேல்தான். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று அன்றே பார்க்கவேண்டும், மறுநாளுக்குத் தள்ளக்கூடாது.

படிவை எடுக்கும் முறையிலும் ஒரு கேடு பரவியிருக்கிறது. கழிவறை கழுவும் ஆசிடை ஊற்றிப் பொங்கவிடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் காயில் பளபளக்கும், ஆனால் அந்த ஆசிட் சுண்ணாம்போடு நிற்காமல் காயிலின் உறையையும் தின்னும். டேங்குக்குள் ஊற்றினால் பூச்சின் துளைகளில் புகுந்து இரும்பைத் தின்னும். இட்லிப் பானையில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடும் நம் வழக்கமே சரியான வழியைச் சொல்கிறது: மென்மையான புளிப்பு. கழற்றிய காயிலைச் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்புக் கரைசலில், சில மணி நேரம் ஊறவைத்தால் படிவு இளகி மரக்குச்சிக்கே உதிரும். அந்தப் பாக்கெட் சில ரூபாய்தான். டேங்கின் அடியில் ரவைபோல் குவிந்திருக்கும் துகளுக்குச் சுத்தமான தண்ணீரை விட்டு வடித்தாலே போதும்.

இப்படி வடிப்பதை வருடம் ஒருமுறையாவது செய்யலாம். எம்சிபியை அணைத்து இரவெல்லாம் ஆறவிடுங்கள். காலையில் குளிர்நீர் ஆங்கிள் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போக அதுதான் வழி. பிறகு சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் வடியும். அடியில் ஒரு வாளி. மறுபடி நிரப்பும்போது சுடுநீர்க் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வரும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது. காலி டேங்கில் கரன்ட் கொடுத்தால் காயில் அப்போதே எரியும்.

"இதையெல்லாம் வீட்டுக்காரர் செய்ய முடியுமா, கரன்ட் விஷயம் ஆயிற்றே" என்ற கேள்வி சரியானது. நெம்புகோலைத் தூக்குவது, காகிதம் சுற்றி ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது, ஹோஸ் வாஷர் மாற்றுவது, இவை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாருடைய வேலையும்தான், எம்சிபி அணைந்திருக்கவேண்டும் என்ற ஒரே கண்டிப்போடு. சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நியூட்ரலில் சுவிட்ச் வைத்த வயரிங் நம் ஊரில் உண்டு. மூடியைத் திறந்து காயில், தெர்மோஸ்டாட், வயர் என்று போகும் வேலை எலெக்ட்ரீஷியனுக்கு உரியது. நான் கேட்பது உங்களை மெக்கானிக்காக மாறச் சொல்லி அல்ல. மெக்கானிக்கிடம் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்பதுதான்.

"புதிய ஐந்து ஸ்டார் கீசர் கரன்ட்டை மிச்சம் பிடிக்குமே" என்பார்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் தேவை. அந்தக் கணக்கு பழைய கீசருக்கும் புதியதற்கும் ஒன்றே. ஸ்டார் அளப்பது சுடவைத்த தண்ணீர் 24 மணி நேரம் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை. நாள் முழுக்கக் கீசரை ஓடவிடும் வீட்டில் அது பெரிய தொகை. குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கும் நம் பெரும்பாலான வீடுகளில், நல்ல டேங்கைக் கழற்றி எறிய அது காரணமே ஆகாது.

உண்மையிலேயே டேங்க் போவதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எல்லா இணைப்பும் காய்ந்திருந்து, வெளி உறைக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் துருநீர் கசிந்தால், உள்ளே உலோகம் ஓட்டையாகிவிட்டது. அப்போது வெளியே எதைப் பூசினாலும் நிற்காது, பற்றவைக்கவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த டேங்குக்கு அந்த முடிவு வருவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நான்கு வருட டேங்குக்கு, ஒரு கேஸ்கெட்டுக்காக அந்த முடிவைச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

இதில் மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. கழற்றி, தேய்த்து, மாட்ட அரைநாள் ஆகும். அதற்கு நாம் 400 ரூபாய் கொடுக்கவே முகம் சுளிக்கிறோம். துருப்பிடித்த போல்ட் கழற்றும்போது முறிந்தால் பழியும் அவர்மேல். புதியது மாட்டினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது, கடையிலிருந்தும் ஏதோ கிடைக்கிறது. நாமே அவரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறோம். கம்பெனிகளைக் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் பெரியது. மக்னீசியம் கம்பியை வெளியிலிருந்தே ஸ்பேனரால் கழற்றும்படி எல்லா மாடலிலும் ஏன் வைக்கவில்லை? அதைப் பார்க்கச் சொல்லும் வரி கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது ஏன்? மாடல் மாறியதும் கேஸ்கெட் கிடைக்காமல் போவது ஏன்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. கேட்க ஓர் இடம் இருக்கிறது, கேட்கிறவர்கள் கூடவேண்டும்.

அதற்கெல்லாம் நாளாகும். இன்று செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. குளியலறைக்குப் போகும்போது கீசரின் நீல வளையப் பக்கம் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சேஃப்டி வால்வின் அந்தச் சின்ன வாயில் மூடியோ, எம்-சீலோ, கம்பி சுற்றிய குச்சியோ தெரிந்தால் உடனே கீசரின் எம்சிபியை அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். வால்வை மாற்றும்வரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.